வால் இராசாத்திக்கு, தலை சீதேவிப்பிள்ளைக்கு

"மண்வெட்டி வேலிக்கு இஞ்சால வந்திச்சோ, பிடியோட முறிச்சி அடுப்புக்குள்ள வைப்பன். சொல்லிப்போட்டன்."

"வேலிக்கு அங்கால தங்கமா புதைச்சி வெச்சிரிக்கிறீங்க, நாங்க களவெடுக்க? எலும்புகா, வெறும் எலும்பு. அது நீண்டுக்கிட்டுப் போகுது, நாங்க பின்னால போறம்."

"நீண்டா நீளட்டும். எங்கட பக்கம் எலும்பு கிலும்பு ஒண்டும் இல்ல. உங்கட வளவுல துவங்கின சல்லியம் உங்கட வளவுலயே முடியணும்."

"அதை எலும்புக்கிட்டச் சொல்லுங்க மச்சாள்."

"மச்சாளாம் மச்சாள். இனி அந்த முறை சொல்லிக் கூப்பிட வேணாம்."

இராசாத்தி அத்திவாரக் கிடங்கின் விளிம்பில் நின்றாள். சீதேவிப்பிள்ளை தென்னோலைக் கிடுகு வேலிக்கு அந்தப் பக்கம் நின்றாள். வேலியில் பார்ப்பதற்கென்று சீதேவிப்பிள்ளை பல வருடமாக வைத்திருந்த ஓட்டை ஒன்று உண்டு. அன்று அது பேசுவதற்கும் உதவியது. இருவருக்கும் நடுவில், இடுப்பளவு பள்ளத்தில், மண்வெட்டியைத் தோளில் சாத்திக்கொண்டு இராசாத்தியின் புருசன் வினாயகமூர்த்தி நின்றார். பஸ் டிப்போவில் டிக்கற் பரிசோதகராக இருந்து ஓய்வு பெற்றவர். சண்டைக்குள் வாய் வைக்கவில்லை. அந்த மட்டக்களப்புக் கரையில் வீடும் அது நிற்கிற வளவும் பெண்களுக்கு. மாப்பிள்ளை உடுப்புப் பெட்டியோடு வந்து ஏறினால் போதும். அப்படி வந்து ஏறியவர்தான் அவரும். அந்த வளவில் அவருக்கென்று இருந்தவை ஒரு சாய்மனைக் கதிரையும் ஒரு சைக்கிளும். கிடங்கு வெட்டச் சொன்னால் வெட்டுவார். நிற்பாட்டச் சொன்னால் நிற்பாட்டுவார். அன்று இரண்டு பேர் இரண்டு விதமாகச் சொன்னதால் சும்மா நின்றார்.

சண்டை வந்த கதை இதுதான்.

தொண்ணூற்றைந்தாம் ஆண்டு தை மாதம் ஆமிக்கும் இயக்கத்துக்கும் நடுவில் சண்டை நிறுத்தம் வந்தது. சமாதானம் எத்தனை நாள் ஓடும் என்று தேற்றாத்தீவில் ஒருவருக்கும் தெரியாது. தடை நீங்கிச் சீமெந்து வருகிற நேரத்தில் வீட்டைக் கட்டிவிட வேண்டும் என்பது மட்டும் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. இராசாத்திக்கு ஒரே மகள், தவமலர். வந்தாறுமூலைப் பல்கலைக்கழகத்தில் விலங்கியல் இரண்டாம் வருடம். அவளுக்கு நாவற்குடாவில் சம்பந்தம் பேசியாயிற்று. மாப்பிள்ளை யோகநாயகம், அரசாங்கக் கச்சேரியில் கிளாக்கர். மாப்பிள்ளையின் தாய் ஒரே ஒரு நிபந்தனை வைத்தாள். வைகாசிக்கு முதல் புதுக் கல்வீடு எழும்ப வேண்டும். பழைய வீட்டில் தாய் தகப்பனோடு ஒண்டிக்கொண்டு தன் மகன் இருக்க மாட்டான் என்று சொல்லிவிட்டாள். பழைய வீட்டுக்கும் சீதேவிப்பிள்ளையின் வேலிக்கும் இடையில் வெறுமையாகக் கிடந்த நிலத்தில் இராசாத்தி நாள் பார்த்து அத்திவாரம் வெட்டத் தொடங்கினாள்.

மூன்றடியில் சிப்பிப் படை ஒன்று வந்தது. மேசன் அதைக் கணக்கெடுக்கவில்லை. அதற்குக் கீழே மண்வெட்டி 'டங்' என்றது. மேசன் குனிந்து பார்த்துவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு மேலே ஏறிவிட்டான்.

அந்த வருடங்களில் மண்ணுக்குள் எலும்பு கண்டால் யாருக்கும் முதலில் சாத்திரம் நினைவுக்கு வராது. வேறு நினைவுகள்தான் வரும். வினாயகமூர்த்தி வாசல் கடப்பைச் சாத்திவிட்டு வந்து, சத்தமில்லாமல், கையாலேயே மண்ணை விலக்கினார். உரல் அளவில், உரலைப் போலவே உருண்டையாக ஒரு எலும்பு. அதற்குப் பக்கத்தில் இன்னொன்று. இவ்வளவு பெரிய மனுசர் எந்தக் காலத்திலும் காணாமல் போயிருக்க முடியாது என்று விளங்கியதும் வீட்டில் எல்லோருக்கும் மூச்சு வந்தது. அதற்குப் பிறகுதான் சாத்திரம் நினைவுக்கு வந்தது.

மனைச் சாத்திரம் பார்க்கிற சீனித்தம்பியர் குடையோடு வந்தார். வீடு கட்டுகிற நிலத்தின் அடியில் எலும்பு, கரி, மயிர் என்று எது கிடந்தாலும் அதற்குச் சல்லியம் என்று பெயர். எடுத்து எறியாமல் கட்டினால் குடியிருப்பவர்களுக்கு ஆகாது. நாய் எலும்புக்கு இன்ன பலன், மாட்டெலும்புக்கு இன்ன பலன் என்று அவர் பாட்டாகவே சொல்லுவார். இந்த எலும்பைப் பார்த்ததும் பாட்டு நின்றுவிட்டது. குடை நிழல் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் போகும் வரை யோசித்தார்.

"இது என்னத்துட எலும்பு எண்டு தெரியல்ல. தெரிஞ்சாத்தான் பலன் சொல்லலாம். ஆனா ஒண்டு. எடுக்கிறதெண்டா முழுக்க எடுக்கணும். ஒரு சிராய் மிஞ்சினாலும் சல்லியம் சல்லியம்தான்."

இப்படி ஒரு கட்டளையை ஆட்டெலும்பு, மாட்டெலும்புக்குக் கொடுத்துப் பழகிய வாய் அது. இராசாத்தி அதை எழுத்துப் பிசகாமல் நிறைவேற்ற, எலும்பை எடுக்குமுன் கிடப்பது முழுவதையும் மண் விலக்கிப் பார்க்கத் தொடங்கினாள். ஒரு உரல், இரண்டு உரல், பத்து உரல். பிறகு இரண்டு பக்கமும் வள்ளத்தின் வங்குக் கட்டைகள் சரிந்து கிடப்பதுபோல வளைந்த விலா எலும்புகள். இராசாத்தி தன் சீலை ஒன்றை எடுத்து நீளத்துக்கு விரித்துப் பார்த்தாள். ஒரு சீலை முடிந்து அரைச் சீலை போன பிறகும் எலும்பு முடியவில்லை. வேலிக்குக் கீழே புகுந்து சீதேவிப்பிள்ளையின் வளவுக்குள் போய்க்கொண்டிருந்தது. அங்கே மகளுக்கென்று சீதேவிப்பிள்ளை கட்டிக்கொடுத்த வீடு ஏற்கெனவே நின்றது. மருமகன் கட்டாரில். இரண்டு வருடமாக விடுமுறை கிடைக்காமல் இருக்கிறான். அதற்குக் காரணம் வீட்டுக்கு அடியில் கிடக்கிற சல்லியம்தான் என்று ஊர் சொல்லிவிட்டால்? சீதேவிப்பிள்ளை ஊரைப் பற்றி அப்படி நினைத்தது பிழையுமில்லை. ஊர் ஏற்கெனவே சொல்லத் தொடங்கியிருந்தது.

ஆகவே அந்த வெள்ளிக்கிழமைச் சண்டை.

மத்தியானம் பஸ்ஸால் இறங்கி வந்த தவமலர் சண்டையைக் கேட்கவே இல்லை. பையைக் கீழே வைத்துவிட்டு நேரே கிடங்குக்குள் இறங்கினாள். எலும்பைத் தடவினாள், முகர்ந்தாள், நாக்கு நுனியை வைத்தும் பார்த்தாள். நாக்கு ஒட்டினால் எலும்பு பழசு என்று அவர்களுக்குப் படிப்பித்திருக்கிறார்களாம். கலியாணம் பேசியிருக்கிற பெண் சல்லியத்தை நக்குவதை வேலி ஓட்டை பார்த்துக்கொண்டிருந்தது.

"அம்மா, இது திமிங்கிலம்."

"கடல் ஒரு மைல் கட்டைக்கு அங்கால கிடக்கு. அது எப்பிடிப் புள்ள இஞ்ச வந்த? பஸ்லயா?"

"பஸ்ல வந்திருந்தா எனக்குத் தெரிஞ்சிரிக்கும்," என்றார் வினாயகமூர்த்தி. நாள் முழுவதற்கும் அவர் பேசியது அதுதான்.

அடுத்த கிழமை தவமலர் தன் விரிவுரையாளரை வான் வண்டியில் கூட்டிக்கொண்டு வந்தாள். ஓட்டமாவடி ஆள், பெயர் பதியுதீன். தொண்ணூறாம் ஆண்டுத் தமிழ்-முஸ்லிம் கலவரத்துக்குப் பிறகு அந்தப் பக்கத்து ஆட்கள் இந்தப் பக்கம் வந்து இறங்குவது அருமை. ஆகையால் வானைப் பார்க்கவே பாதித் தெரு கூடிவிட்டது. பெரிய வண்டி வயிறும் கறுப்புக் கண்ணாடியுமாக இறங்கிய மனுசர் கிடங்கின் விளிம்புக்கு வந்ததும் கண்ணாடியைக் கழற்றினார். பிறகு சப்பாத்தைக் கழற்றினார். யாரும் சொல்லவில்லை. களிசானைச் சுருட்டி விட்டுக்கொண்டு வெறுங்காலோடு இறங்கி, தலையிலிருந்து கால் வரைக்கும், அதாவது வேலியிலிருந்து வால் வரைக்கும், ஒரு எலும்பிலும் கால் படாமல் நடந்து போய் வந்தார். இவ்வளவு பெரிய உடம்பு இவ்வளவு மெதுவாக நடக்கும் என்று இராசாத்தி நினைத்திருக்கவில்லை.

"மாஷா அல்லாஹ்," என்றார். "தங்கச்சி, இதை ஆரு முதல்ல கண்ட?"

"மேசன் கண்டவன். நான்தான் எடுக்கச் சொன்னன்."

"எடுக்கப்படாது. ஒண்டையும் அசைக்கப்படாது. கிடந்த கிடையில கிடக்கு, பாருங்க. ஒரு முள்ளெலும்பும் இடம் மாறல்ல. செத்த உடனே மண் மூடியிரிக்கு."

அவர் சொல்லச் சொல்லக் கூட்டம் வாய் பார்த்தது. ஏறத்தாழ ஆறாயிரம் வருடத்துக்கு முன் கடல் இப்போது நிற்பதைவிட ஒரு ஆள் உயரம் மேலே நின்றது. இந்த வாவி அப்போது வாவி அல்ல, திறந்த கடல். மட்டக்களப்பு, கல்லடி, களுவாஞ்சிக்குடி எல்லாம் தண்ணீருக்கு அடியில். அந்தத் தண்ணீரில் வழி தவறி ஆழமில்லாத இடத்துக்கு வந்து தட்டி நின்ற திமிங்கிலம் இது.

"அப்ப தேற்றாத்தீவு?" என்று இராசாத்தி கேட்டாள்.

"கடலுக்கு அடியில."

"கோயில்?"

"கோயில் மறுகாதான், தங்கச்சி."

"அப்ப இது முழுசாக் கல்லாகிட்டா?" என்று ஒருவர் கேட்டார்.

"இல்ல. பாதி. புட்டு அவிஞ்சும் அவியாம இறக்கின மாதிரி. இன்னும் கொஞ்சக் காலம் விட்டா அவிஞ்சிரும்." கொஞ்சக் காலம் என்றால் எவ்வளவு என்று தவமலர் மெதுவாகச் சொன்னாள். லட்சக் கணக்கில் வருடங்களாம்.

பிறகு அவர் அத்திவாரத்துக்கென்று லொறியில் வந்து குவிந்து கிடந்த கருங்கல்லில் ஒன்றை எடுத்துத் திமிங்கிலத்துக்குப் பக்கத்தில் வைத்தார். இந்தக் கல் நூறு கோடி வருடம் பழையதாக இருக்கலாம், இதற்குள் எலும்பு தேடிப் பிரயோசனமில்லை, இது உண்டான நேரத்தில் எலும்பு என்ற சாமானே உலகத்தில் இல்லை என்றார். லொறிக்காரனிடம் நல்ல புதுக் கல்லாகப் பார்த்துப் போடச் சொல்லியிருந்த இராசாத்தி அந்தக் குவியலைத் திரும்பிப் பார்த்தாள். கல்லுக்கும் திமிங்கிலத்துக்கும் நடுவில் எவ்வளவோ நடந்திருக்கிறது. ஆனால் இந்த நாட்டில் அதற்குச் சாட்சி குறைவு என்றார். புத்தளத்துப் பக்கம் ஒரு பாறையில் பழங்காலத்துச் செடிகளின் இலை அச்சு. யாழ்ப்பாணத்துச் சுண்ணக்கல்லுக்குள் கடல் பூச்சிகள். இரத்தினபுரி மாணிக்கக் கிடங்குகளில் நீர்யானைப் பல்லும் காண்டாமிருகப் பல்லும்.

"நீர்யானை இஞ்ச இரிந்திச்சா?"

"இரிந்திச்சி. சிங்கமும் இரிந்திச்சி. நாமதான் பிந்தி வந்த ஆக்கள்."

பின்னேரம் முழுவதும் அவர் மேசனின் மண் அரிக்கும் தட்டை வாங்கி, வெட்டிப் போட்ட மண்ணை வால் பக்கத்திலிருந்து அரித்துக்கொண்டிருந்தார். எதைத் தேடுகிறார் என்று தெரியாமல் இருக்க இராசாத்தியால் முடியவில்லை. பிளேன்ரீயோடு போனாள்.

"இதுட முன்னோர் தரையில நாலு காலில நடந்ததுகள், தங்கச்சி. அஞ்சு கோடி வருசத்துக்கு முன்ன. மறுகா கடலுக்குள்ள இறங்கிக் காலைக் கைவிட்டிட்டுதுகள். ஆனா இடுப்பெலும்பு மட்டும் இன்னும் சின்னதா உடம்புக்குள்ள கிடக்கும். அதைத்தான் பாக்கிறன்."

வேலி ஓட்டை பொறுக்காமல் வாய் திறந்தது. "நடந்து திரிஞ்சது ஏன் கடலுக்குப் போன?"

"தின்னத்தான்."

"அது சரி," என்றது ஓட்டை.

இருட்டுவதற்கு முன் வான் போக வேண்டும். சோதனைச் சாவடி மூடிவிடும். பதியுதீன் சேர் வெறுங்கையோடு போனார். மறுநாள் காலையில் இராசாத்தி முற்றம் கூட்டி முடித்து, சும்மா போவதுபோல மண் குவியல் பக்கம் போய், சும்மா அரிப்பதுபோல ஒரு தட்டு அரித்தாள். பிறகு இன்னொன்று. சோறு அடுப்பில் கரிந்த மணம் வந்த நேரத்தில், கைச்சாண் நீளத்தில், வில் மாதிரி வளைந்த எலும்பொன்று தட்டில் தங்கியது. அதை உள்ளங்கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அவ்வளவு பெரிய உடம்புக்கு இவ்வளவு சின்ன இடுப்பு. நடந்ததை மறக்காமல் ஐந்து கோடி வருடம் உள்ளே ஒளித்து வைத்திருந்திருக்கிறது. இராசாத்தி அதைக் கழுவி, சாமித் தட்டில் வைக்கப் போய், சல்லியம் என்று நினைத்து விலக்கி, கடைசியில் தேயிலைப் பேணிக்குப் பக்கத்தில் வைத்தாள்.

அதற்குப் பிறகு ஊர் வரத் தொடங்கியது. களுதாவளையிலிருந்து வந்தார்கள், செட்டிபாளையத்திலிருந்து வந்தார்கள், பள்ளிக்கூடங்கள் வரிசையாக வந்தன. நீளக் கிடங்கு வெட்டுகிறார்கள் என்று கேள்விப்பட்டு ஆமிக்காரரும் வந்தார்கள். "பங்கரா?" என்று கேட்ட அதிகாரிக்கு வினாயகமூர்த்தி பஸ்ஸில் பழகிய சிங்களத்தில், "தல்மஸா, மாத்தயா" என்றார். திமிங்கிலம் என்றதை அதிகாரி நம்பவில்லை. இறங்கிப் பார்த்தார். பார்த்துவிட்டுத் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்துகொண்டு, தன் பெடியன்களை ஒவ்வொருவராக இறக்கிக் காட்டினார். இரண்டு நாள் கழித்து இயக்கத்துப் பெடியள் சைக்கிளில் வந்து அதே கேள்வியைத் தமிழில் கேட்டு, அதே மாதிரி இறங்கி, அதே மாதிரித் தலையைச் சொறிந்துகொண்டு போனார்கள். இரண்டு பகுதியும் சண்டை பிடிக்காமல் பார்த்துவிட்டுப் போன கிடங்கு அந்தக் கரையில் அது ஒன்றாகத்தான் இருக்கும்.

வந்தவர்கள் எல்லோரும் இராசாத்தியின் கடப்பால் வந்து இராசாத்தியின் கடப்பால் போனார்கள். சீதேவிப்பிள்ளையின் பக்கம் ஒரு காகமும் எட்டிப் பார்க்கவில்லை. முதல் கிழமை அவளுக்கு அது நிம்மதியாக இருந்தது. இரண்டாம் கிழமை நித்திரை போயிற்று. சல்லியம் வெளியே வந்துவிடுமோ என்ற பயம் ஒரு பக்கம். தன் கோழிக்கூட்டுக்கு அடியில் என்ன கிடக்கிறதென்று தெரியாமலே செத்துப்போவேனோ என்ற பயம் மறுபக்கம். அவள் யார் என்று தெரிந்தவர்களுக்கு எந்தப் பயம் வெல்லும் என்பதும் தெரியும்.

ஒரு காலையில் இராசாத்தி எழும்பி வர, வேலியில் நாலு பாகம், நாலு ஆள் கைவிரித்த நீளத்துக்கு, கிடுகு இல்லை. சீதேவிப்பிள்ளையின் மகன் குலேந்திரன், பள்ளிக்கூடத்தில் தொண்டர் ஆசிரியராக இருக்கிறவன், கோழிக்கூட்டைத் தூக்கி அங்கால வைத்துவிட்டுச் சிரட்டையால் மண் கிள்ளிக்கொண்டிருந்தான். தாய் பக்கத்தில் குந்தியிருந்தாள்.

"மண்வெட்டி வந்தா முறிக்கிறதெண்டு சொன்னீங்க," என்றாள் இராசாத்தி.

"இது சிரட்டை. நீங்க வாலை வெச்சிக்கொண்டு இவ்வளவு காட்டிறீங்க. தலை எங்கட பக்கம்தான் மச்சாள்."

தலை என்றால் சும்மா தலையில்லை. ஒரு மாட்டு வண்டியைக் கவிழ்த்துப் போட்ட அளவு. இரண்டு தாடைகளும் ஆசாரி வளைத்துச் செய்ததுபோல ஒன்றையொன்று பார்த்தபடி கிடந்தன. பதியுதீன் சேர் இரண்டாம் முறை வந்து, மண்டைக்கு அடியிலிருந்து, மூடிய கைமுட்டி அளவில், சங்குபோலச் சுருண்ட கனத்த எலும்பொன்றை எடுத்துச் சீதேவிப்பிள்ளையின் கையில் வைத்தார்.

"இது இதுட காது, அக்கா. கடலுக்குள்ள ஆயிரம் கட்டைக்கு அங்கால இன்னொண்டு பேசினாலும் இதுக்குக் கேக்கும்."

தெருமுனைக் கதையை அறிவதற்கே வேலியில் ஓட்டை வேண்டியிருந்தவள் சீதேவிப்பிள்ளை. இதுவோ ஒரு ஓட்டையும் இல்லாமல், இருட்டுத் தண்ணீருக்குள் படுத்துக்கொண்டே, சுமாத்திரா வரைக்கும் யார் என்ன பேசினார்கள் என்று கேட்டுக்கொண்டிருந்திருக்கிறது. அவள் அந்தக் காதை இரண்டு கையாலும் பிடித்து, தன் காதோடு வைத்துப் பார்த்தாள்.

இதெல்லாம் நடந்துகொண்டிருக்க, வைகாசி நெருங்குவதை நாவற்குடா மறக்கவில்லை. பங்குனியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளையின் தாய் வீட்டைப் பார்க்க வந்தாள். வீடு இல்லை. கிடங்கு இருந்தது, கிடங்கைச் சுற்றிச் சனம் இருந்தது, வருங்கால மருமகள் தலையில் சாக்கைப் போட்டுக்கொண்டு மண்ணுக்குள் கிடந்தாள்.

"இதுக்கு மேலயா என்ட மகனைக் குடிவைக்கப் போறீங்க?"

"இது கடல் சாமான். சாத்திரத்தில இதுக்குப் பலன் சொல்லல்ல," என்று இராசாத்தி சொல்லிப் பார்த்தாள். பக்கத்தில் நின்ற சீனித்தம்பியர் குடையை விரித்துக்கொண்டு வானத்தைப் பார்த்தார்.

"சொல்லாட்டியும் எலும்பு எலும்புதான். மற்றக் கிழமைத் திங்கள் இது இரிக்கப்படாது. துப்புரவாக்கி, சாந்தி செய்து, அத்திவாரம் போடுங்க. இல்லாட்டிக் கள்ளியங்காட்டில வேற புள்ளைகள் இரிக்கு."

இராசாத்தி ஓம் என்றாள். சொல்லாமல் என்ன செய்வாள்? சமாதானம் ஆட்டங்கண்டுகொண்டிருந்தது, கச்சேரி மாப்பிள்ளை நாளைக்குக் கிடைப்பானோ தெரியாது, மகள் வந்தாறுமூலைக்கும் வீட்டுக்குமாகச் சாவடிகளுக்குள்ளால் அலைகிற ஒவ்வொரு முறையும் பஸ் வரும் வரை அவள் கடப்படியில் பயந்து நின்றாள். கட்டிக் கொடுத்துவிட்டால் அந்தப் பயத்தில் பாதியை இன்னொருவன் சுமப்பான். வாழைச்சேனைப் பக்கத்துச் சுண்ணாம்புச் சூளைக்குச் சொல்லியனுப்பினாள். எலும்பும் சிப்பியும் சேர்த்து லொறியில் ஏற்றிக்கொள்ளச் சம்மதித்தார்கள்.

தவமலர் அழுவாள் என்று எதிர்பார்த்தாள். அவள் அழவில்லை. "உங்கட வளவு அம்மா. உங்கட இஸ்டம்," என்று மட்டும் சொன்னாள்.

திங்கட்கிழமை காலையில் லொறி வந்தது. இரண்டு ஆட்கள் இரும்பு அலவாங்கோடு இறங்கினார்கள். வெயில் அப்போதுதான் கிடங்குக்குள் விழுந்திருந்தது. ஈரச் சாக்கை விலக்கியதும் விலா எலும்புகள் தேன் நிறத்தில் ஒன்றன்பின் ஒன்றாக வேலியைத் தாண்டிப் போயின. இராசாத்தி பார்த்தாள். இவ்வளவு பெரிய சீவன் இந்த இடத்தில் வந்து தட்டிப் புரண்டு செத்திருக்கிறது, எட்டிப் பார்க்க ஒரு ஆள் இருந்திருக்கவில்லை. ஒரு வேலி இல்லை, வேலியில் ஓட்டை இல்லை. 'ஐயோ, என்ன நடந்தது' என்று கேட்க ஒரு சீதேவிப்பிள்ளை இல்லை. அப்படியே மண்ணைப் போர்த்துக்கொண்டு, அவளுடைய மேசன் வரும் வரைக்கும், ஒரு எலும்பும் அசையாமல் கிடந்திருக்கிறது. இன்றைக்குச் சூளைக்குப் போனால் நாளைக்குச் சுண்ணாம்பு. ஊரில் உள்ள கிழடுகள் வெற்றிலையில் தடவிச் சப்பித் துப்பும்.

"தம்பி, ஏறுங்க மேல," என்றாள்.

"என்னக்கா, இன்னும் துவங்கவே இல்ல."

"துவங்க வேணாம். தேத்தண்ணி குடிச்சிட்டுப் போங்க."

பிறகு வினாயகமூர்த்தியைக் கூப்பிட்டு, சைக்கிளை எடுத்துக்கொண்டு நாவற்குடாவுக்குப் போகச் சொன்னாள். போய்ச் சொல்ல வேண்டியது இது: புது வீடு இல்லை, அவள் பிறந்த, மகளைப் பெற்ற பழைய கல்வீட்டை முழுக்கப் பெண்ணுக்கே எழுதித் தருகிறாள், தானும் புருசனும் கிடங்குக்குப் பக்கத்தில் ஒரு கொட்டில் போட்டுக்கொண்டு இருப்பார்கள். சல்லியம் பிடித்தால் தங்களைப் பிடிக்கட்டும்.

"கொட்டிலிலயா?" என்றார் அவர்.

"உங்கட கதிரைக்கு இடம் இரிக்கும். போங்க."

பின்னேரம் வந்து சைக்கிளைச் சாத்தினார். "அதே வளவுதானே எண்டு சொல்லிப்போட்டாங்க," என்றார். அவ்வளவுதான். சம்பந்தம் முறிந்தது. இராசாத்தி குசினிக்குள் போய் இரண்டு நாள் சரியாக வெளியே வரவில்லை. திமிங்கிலத்துக்காக மகளின் கலியாணத்தைக் குழப்பியவள் என்று ஊர் பேசியது. பேசியது பொய்யுமில்லை. தவமலர் மட்டும் தாய்க்குப் பக்கத்தில் வந்து குந்தி, தேங்காய் துருவிக் கொடுத்தாள்.

சித்திரை கழிவதற்குள் சமாதானமும் முறிந்தது. சீமெந்து நின்றது. பதியுதீன் சேரின் வான் வரவில்லை. ஒரு நாள் முற்பகலில், எங்கிருந்து எங்கே போகிறதென்று தெரியாத ஷெல்கள் தலைக்கு மேலால் கூவத் தொடங்கின. அந்தத் தெருவில் ஆயத்தமாக வெட்டிய கிடங்கு ஒன்றுதான் இருந்தது. சீதேவிப்பிள்ளை வேலியில்லாத இடத்தால் ஓடி வந்து விழுந்தாள், பின்னால் மகள், கோழிக்கூட்டைத் தூக்கிக்கொண்டு குலேந்திரன். வினாயகமூர்த்தி ஒவ்வொருவராகக் கையைப் பிடித்து இறக்கி, பஸ்ஸுக்குள் ஆட்களை நெருக்கி விடுவதுபோல முன்னுக்குப் போகச் சொன்னார். தவமலர் மட்டும், "விலாவில சாயாதீங்க, முறிஞ்சிரும்" என்று கத்திக்கொண்டிருந்தாள். சத்தம் நிலத்தை உலுக்கியது. இரண்டு பக்கமும் சரிந்து நின்ற விலா எலும்புகளுக்கு நடுவில், அது சாப்பிட்ட மீன்கள் கிடந்த இடத்தில், இரண்டு வளவுச் சனமும் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. இராசாத்திக்கு விசித்திரமாகப் பயம் குறைந்தது. கடல் வந்து போயிருக்கிறது, இது கிடந்திருக்கிறது. இதுவும் போகும்.

ஷெல் சற்று ஓய்ந்தபோது சீதேவிப்பிள்ளை தொண்டையைச் செருமினாள். இப்படிப்பட்ட இடத்தில் இப்படிப்பட்ட பேச்சை எடுக்க அவளால்தான் முடியும்.

"மச்சாள், நாவற்குடாச் சம்பந்தம் போயிட்டெண்டு கேள்விப்பட்டன்."

"நீங்க கேள்விப்படாம?"

"எனக்கும் ஒரு பெடியன் இரிக்கான். பள்ளிக்கூடத்தில இன்னும் நிரந்தரமாக்கல்ல. ஆனா ஒண்டு. அவன் தலைக்கு மேல பிறந்து வளர்ந்தவன். அவனுக்கு உங்கட வால் என்ன செய்யப்போகுது?"

இராசாத்தி மகளைப் பார்த்தாள். தவமலர் குலேந்திரனைப் பார்க்கவில்லை. அவன் கையில் இருந்த கோழிக்கூடு முள்ளெலும்பில் படாமல் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தாள். அவனும் அதைத்தான் கவனமாகப் பார்த்துக்கொண்டிருந்தான். கூட்டைத் தன் மடியில் தூக்கி வைத்துக்கொண்டு, கோழி எச்சம் சட்டையில் வழிய வழிய, அசையாமல் இருந்தான்.

"புள்ளைக்கிட்டக் கேக்கணும்," என்றாள் இராசாத்தி.

"கேளுங்க. நான் இஞ்சதான் இரிப்பன். இப்ப வெளிய போகவும் ஏலாது."

ஆனியில் கோயிலில் தாலி கட்டியது. ஊரடங்கு நேரத்துக்கு முன் சாப்பாடு முடிந்தது. குலேந்திரன் உடுப்புப் பெட்டியோடு நாலு பாகம் நடந்து மாமியார் வீட்டுக்கு வந்தான். இராசாத்தியும் வினாயகமூர்த்தியும் சொன்னபடி கொட்டிலுக்குப் போனார்கள். மழைக்கு முன் குலேந்திரனும் மாமனாரும் சேர்ந்து எலும்புகளுக்கு மேல் சிப்பி மண்ணையே திரும்பப் போட்டு மூடினார்கள். சண்டை முடிந்து சேர் வந்து திறக்கட்டும் என்று தவமலர் சொல்லியிருந்தாள். அவள் படிப்பை முடித்து, பிறகு பேராதனையில் மேற்படிப்புக்கு இடம் கிடைத்து, புருசனையும் கைக்குழந்தையையும் கூட்டிக்கொண்டு அங்கே போய்விட்டாள். யோகநாயகம் கள்ளியங்காட்டில் கலியாணம் கட்டி, இரண்டு வருடத்தில் கனடாவுக்குப் போனான். சீதேவிப்பிள்ளையின் மருமகனுக்குக் கட்டாரில் விடுமுறை கிடைத்தது. வந்தவன் மனைவியையும் கூட்டிக்கொண்டு போய்விட்டான். சீனித்தம்பியர் திமிங்கிலத்துக்கும் ஒரு பலன் கண்டுபிடித்துப் பாட்டில் சேர்த்துக்கொண்டு, அதோடு அக்கரைப்பற்றில் மகள் வீட்டுக்குக் குடிபோனார். பதியுதீன் சேர் ஓய்வு பெற்ற பிறகு, இளைய மகளைக் காத்தான்குடியில் கட்டிக்கொடுத்த இடத்தில், மகள் வீட்டுக்குப் பக்கத்தில் போய் இருந்துவிட்டார். மூடிய கிடங்கை யாரும் வந்து திறக்கவில்லை; வால் பக்கம் இராசாத்தியும் தலைப் பக்கம் சீதேவிப்பிள்ளையும், நடுவில் வேலியில்லாமல், அதற்குக் காவலாக மிஞ்சினார்கள்.